படுத்து எழுந்த பெரியவர்களுக்கு உடல்வலு திரும்ப: மதுரைப் பக்கம் எந்த வழி யாருக்கு?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. காய்ச்சல் விட்டுவிட்டது, அல்லது ஆபரேஷன் தையல் பிரித்தாயிற்று. சாப்பாடும் ஓரளவு இறங்குகிறது. ஆனால் நாற்காலியிலிருந்து எழ ஒருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது, வாசல்படி இறங்கினால் கால் நடுங்குகிறது. வீட்டில் பேச்சு இங்கேதான் தொடங்கும். ஒருவர் ஆட்டுக்கால் சூப் என்பார். ஒருவர் பிசியோதெரபிக்கு ஆள் வரச்சொல்லு என்பார். வெளியூரில் இருக்கும் தம்பி புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கி அனுப்பிவிடுவான். பக்கத்து வீட்டு அக்கா, "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டு வாங்க, தெம்பு வந்துரும்" என்பார். எல்லோரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் இவை எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. பணமும் ஆளும் நேரமும் அளவாக இருக்கிற வீட்டில் எதை முதலில் பிடிப்பது என்று ஒரு தெளிவு வேண்டும்.

மேலூர்ப் பக்கம் கிராமத்தில் இருக்கும் எங்கள் அப்பத்தாவுக்கும், மதுரை டவுனில் இருக்கும் என் மாமனாருக்கும் இந்தக் கேள்வி அடுத்தடுத்து வந்தது. அப்பத்தாவுக்குச் சிக்குன்குனியா, மாமாவுக்கு இருதய ஆபரேஷன். இரண்டு பேருக்கும் நாங்கள் எடுத்த வழி ஒன்றல்ல. அப்போது தேடிப் படித்ததையும், மருத்துவர்களிடமும் பிசியோதெரபிஸ்ட்டுகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்து, ஒவ்வொரு வழியும் எதைத் தரும், எதைத் தராது என்று எழுதுகிறேன்.

சதை எப்படிப் போகிறது, எப்படித் திரும்புகிறது

"பத்து நாள்தானே படுத்திருந்தாங்க" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். 2007இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. நோய் எதுவும் இல்லாத, சராசரி வயது 67 உள்ள சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். சாப்பாடு ஒழுங்காகக் கொடுத்தும், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டது. தொடையின் வலு ஆறில் ஒரு பங்கு குறைந்தது. அவர்கள் ஆரோக்கியமானவர்கள். காய்ச்சலோடும் வலியோடும், வாய்க்குப் பிடிக்காமல் கஞ்சியை மட்டும் குடித்துக்கொண்டும் படுத்திருக்கும் நம் வீட்டுப் பெரியவருக்கு இழப்பு இதைவிடக் கூடத்தான் இருக்கும்.

திரும்புவதும் வயதுக்கேற்ப மாறுகிறது. 2009இல் டென்மார்க்கில் வாலிபர்களுக்கும் வயதானவர்களுக்கும் ஒரு காலை இரண்டு வாரம் அசையாமல் கட்டிவைத்து, பிறகு நான்கு வாரம் எடைப்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். வாலிபர்களுக்குப் போன சதை திரும்பிவிட்டது. வயதானவர்களுக்கு அந்த நான்கு வாரத்தில் முழுதாகத் திரும்பவில்லை. "தானா சரியாயிரும்" என்று விட்டுவிட்டால் எழுபது வயதுக்காரருக்குச் சரியாகாது என்பதற்கு இதுவே போதும்.

இதைப் படித்து மனம் தளர வேண்டாம். 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் 86 முதல் 96 வயது வரை உள்ளவர்களுக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுத்தார்கள். கால்வலு இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது. தொண்ணூறு வயதுத் தசையும் வேலை கொடுத்தால் பதில் சொல்கிறது. அதே குழு 1994இல் நூறு பேரை நான்கு பிரிவாக்கியது: பயிற்சி மட்டும், சத்து பானம் மட்டும், இரண்டும் சேர்த்து, இரண்டும் இல்லாமல். பத்து வாரம் கழித்து, பயிற்சி செய்தவர்களின் வலு இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. சத்து பானம் மட்டும் குடித்தவர்களின் வலுவில் சொல்லும்படி மாற்றம் இல்லை.

நம் வீட்டுச் சண்டையில் பாதி இந்த ஒரு ஆய்விலேயே தீர்ந்துவிடுகிறது. தசைக்குச் சுமை கொடுக்க வேண்டும், அந்தச் சுமை வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட வேண்டும். சாப்பாடு அதற்குத் துணை. ஆகவே எந்த வழியைப் பார்த்தாலும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: இதில் சுமை கூடுமா, கூட்டுவது யார்?

முதலில் ஆள் எந்த நிலையில் இருக்கிறார்?

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், கையை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் பாருங்கள். ஆசிய நாடுகளின் மருத்துவக் குழு 2019இல் வெளியிட்ட வரையறைப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால்வலு குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். தையல் டேப் இருந்தால் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளந்துகொள்ளுங்கள். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 33க்கும் குறைந்தால் சதை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். காலில் நீர் கோத்திருந்தால் இந்த அளவை நம்பக் கூடாது.

இதோடு ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். நாள்கணக்கில் படுத்திருந்தவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் அது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். அந்தக் காலை நீவிவிடக் கூடாது, பயிற்சியும் கூடாது, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர் காலில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதை ஆபரேஷன் செய்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றுகிறது என்றால், கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பிறகு நிற்கட்டும். அப்படியும் சுற்றினால் பிரஷர் மாத்திரையின் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நடை மட்டும் போதுமா?

மதுரையில் நடக்க இடத்துக்குக் குறைவில்லை. தெப்பக்குளத்தைச் சுற்றி, வண்டி வராத சித்திரை வீதிகளில், ரேஸ்கோர்ஸ் மைதானத்தில், வண்டியூர் கண்மாய்க் கரையில் என்று காலையில் எத்தனையோ பெரியவர்கள் நடக்கிறார்கள். நடை இருதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, நாலு பேரைப் பார்த்துப் பேசுவதால் மனசுக்கும் நல்லது. நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் படுத்து எழுந்தவருக்கு நடையை மட்டுமே மருந்தாகக் கொடுத்தால் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். சமதரையில் நடக்கும்போது தொடைக்குக் கிடைக்கும் சுமை ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது. தூரம் கூடும், சுமை கூடாது. நாற்காலியிலிருந்து எழவும், படி ஏறவும், தடுக்கினால் சட்டென்று கால் ஊன்றவும் வேண்டிய வேகமாகச் சுருங்கும் தசை இழைகள்தான் வயதாக ஆக முதலில் மெலிகின்றன. அவற்றைச் சமதரை நடை அதிகம் தொடுவதில்லை. அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரை உள்ள 1,635 பேரை வைத்து நடந்து 2014இல் வெளியான பெரிய ஆய்வில் நடமாட்டம் முடங்குவது குறைந்தது உண்மைதான். ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது நடையோடு கால் எடைப்பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் சேர்ந்த திட்டம். உலக சுகாதார நிறுவனமும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் இரண்டு நாளாவது தசை வலுப்பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் என்று தனியாகத்தான் சொல்கிறது.

இன்னொன்று வெயில். சித்திரை, வைகாசியில் நம்மூரில் காலை எட்டரைக்கு மேல் வயதானவரை வெளியே நடக்கவிடுவது ஆபத்து. நடையை மட்டும் நம்பியிருந்தால் அந்த இரண்டு மாதமும் எல்லாம் நின்றுபோகும்.

யோகாவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சமநிலைக்கும் மூட்டு இளக்கத்துக்கும் நல்ல பயிற்சி. நின்று செய்யும் ஆசனங்களில் காலுக்குக் கொஞ்சம் வலுவும் கிடைக்கும். ஆனால் எழவே சிரமப்படுகிறவருக்கு அது இரண்டாம் கட்டம். மூச்சுப்பயிற்சியும் கண்மூடி உட்காருவதும் மட்டும் நடக்கிற வகுப்பானால் அதில் சதை திரும்பாது.

வீட்டில் நாமே செய்வது

என் கணக்கில் பெரும்பாலான வீடுகளுக்கு முதுகெலும்பான வழி இதுதான். செலவு இல்லை, அலைச்சல் இல்லை, ஒழுங்காகச் செய்தால் சுமையும் கூடும். ஆனால் 'ஒழுங்காக' என்பதற்குள்தான் எல்லாம் இருக்கிறது.

பிளாஸ்டிக் சேர் வேண்டாம். வழுக்கும், கால் விரியும். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்திருக்கும், அதிலிருந்து எழுவது பலசாலிக்கே கஷ்டம், அதையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. எழ முடியாதவருக்கு நாற்காலி மேல் கெட்டியான தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பாதத்தை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைத்து, உடம்பை முன்னே சாய்த்து எழட்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனசுக்குள் மூன்று நான்கு எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்கட்டும். இறங்குவதில்தான் தொடை நன்றாக உழைக்கிறது. அதை நாம் கவனிப்பதே இல்லை.

எட்டு முறை எழுந்து உட்கார்ந்து, ஒன்றிரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள். கடைசி இரண்டு முறை 'அப்பாடா' என்று இருக்க வேண்டும், ஆனால் மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போகக் கூடாது. பன்னிரண்டு முறை எளிதாக வந்துவிட்டால் சுமையைக் கூட்டும் நாள் வந்துவிட்டது என்று பொருள். முதலில் தலையணையை எடுங்கள். அப்புறம் கை ஊன்றாமல் எழுவது. அப்புறம் கைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அப்புறம் இரண்டு கிலோ அரிசியைப் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு எழுவது. கூடவே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது, வாசல்படியில் ஏறி இறங்குவது. ஈரத் துண்டைப் பிழியச் சொன்னால் கைப்பிடி வலுவும் வரும்.

எண்ணிக்கையை அவரையே சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். வாய் எண்ணிக்கொண்டிருந்தால் மூச்சை அடக்க முடியாது. மூச்சை அடக்கித் தம் கட்டினால் ரத்த அழுத்தம் எகிறும். நெஞ்சு வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, தலைசுற்றல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர் முழுதாக மடக்க வேண்டாம், வலி வராத அளவுக்கு மட்டும் இறங்கினால் போதும்.

முதல் மூன்று நான்கு வாரத்தில் வலு கூடும், கால் பருக்காது. அப்போது கூடுவது பெரும்பாலும் நரம்பு தசையை ஏவும் திறன். சதை கண்ணுக்குத் தெரிய இரண்டு மாதமாவது ஆகும். "ஒண்ணும் தெரியலையே" என்று மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

இந்த வழியின் பலவீனம் நாம்தான். அப்பத்தாவை எழுப்பப் போனாலே தெருவில் உள்ள பெரியவர்கள், "வயசான காலத்துல அதைப் போட்டு ஏன் படுத்துறீங்க, கெடக்கட்டும்" என்பார்கள். தண்ணீர், சாப்பாடு, வெற்றிலை எல்லாம் கட்டிலுக்கே போய்விடும். அது பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தில் ஒரு நாளில் எழுந்து நிற்கும் வாய்ப்புகள் ஒவ்வொன்றாகப் பறிபோகின்றன. தனக்குத்தானே கழிவறைக்குப் போய்வர முடிவது ஒரு மனுஷிக்கு எவ்வளவு பெரிய கௌரவம் என்பதை, அதற்கு ஆள் தேவைப்பட்ட நாட்களில் அப்பத்தாவின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "எந்திரி அப்பத்தா, இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சுவது படுத்துவது ஆகாது.

வீட்டுக்கு வரும் பிசியோ, அரசு வழி, ஜிம்

கை கொடுத்தாலும் எழ முடியாதவர், எலும்பு முறிந்தவர், பக்கவாதம் வந்தவர், ஏற்கனவே ஒரு முறை கீழே விழுந்தவர் ஆகியோருக்கு வீட்டுப் பயிற்சியை நாமே தொடங்கக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் வேண்டும். அண்ணாநகர், கே.கே.நகர், எஸ்.எஸ்.காலனி போன்ற பகுதிகளில் வீட்டுக்கு வருகிறவர்கள் கிடைப்பார்கள். வருகைக்குச் சில நூறு ரூபாய், மாதம் முழுக்க என்றால் கணிசமான செலவு. கிராமத்துக்கு வர ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் வருகிறவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். வந்த நேரம் முழுக்கப் படுக்கவைத்து, மெஷின் வைத்து, காலை அவரே மடக்கி நீட்டிவிட்டுப் போனால், வலிக்கு இதமாக இருக்கும், மூட்டு இறுகாது. தசை வளராது. உழைக்க வேண்டியது பெரியவரின் தசை, பிசியோதெரபிஸ்ட்டின் கை அல்ல. மின்சாரத்தால் தசையைத் துடிக்கவைக்கும் மின்தூண்டல் கருவிக்கும் இடம் உண்டு. தானாகக் காலை அசைக்கவே முடியாதவருக்கு இழப்பைக் குறைக்க அது உதவும். எழுந்து நிற்க முடிகிறவருக்கு அது மாற்றாகாது. முதல் நாளே நேராகக் கேட்டுவிடலாம்: "அடுத்த வாரம் எதைக் கூட்டுவீங்க? நீங்க வராத நாளில் நாங்க என்ன செய்யணும்?" இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவர் கிடைத்தால் மாதம் முழுக்க வரவழைக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரம் நெருக்கமாகவும், அப்புறம் வாரம் ஒருமுறை சுமையைச் சரிபார்க்கவும் வந்தால் போதும். மீதி நாளை வீட்டார் பார்த்துக்கொள்ளலாம். பணத்துக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை.

பணம் கட்ட முடியாத வீட்டுக்கு அரசு வழி இருக்கிறது. கோரிப்பாளையம் பக்கம் உள்ள ராஜாஜி அரசு மருத்துவமனையில், நம்மூர்க்காரர்கள் சொல்லும் பெரியாஸ்பத்திரியில், உடலியக்க மறுவாழ்வுக்கென்றே தனித் துறை உண்டு. சிகிச்சை இலவசம். நடக்க முடியாதவரை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டத்தில் காத்திருக்க வைப்பதுதான் சிரமம். மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வாரம் மூன்று முறை இப்படி வந்துபோவது யாருக்கும் முடியாது. அதனால் முழுப் பரிசோதனைக்கும் பயிற்சித் திட்டம் வாங்கவும் அங்கே ஒருமுறை போய், மீதியை வீட்டில் செய்வது நடக்கக்கூடிய காரியம்.

கிராமத்தில் இருப்பவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். வீட்டிலேயே பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமோ பெயரைப் பதிந்து வைக்கலாம். அரசின் சுகாதார உதவி எண்ணான 104க்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம். ஒரு வட்டாரத்தையே சுற்றுகிறவர் ஒரே வீட்டுக்கு அடிக்கடி வர முடியாது. அவர் வரும் நாளில் பயிற்சியைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் இடைப்பட்ட நாட்களுக்கு உதவும்.

ஜிம்மைப் பற்றி நம் வீடுகளில் ஒரு கூச்சம் இருக்கிறது. "அங்க எல்லாம் சின்னப் பசங்கதான்" என்பார்கள். ஆனால் சுமையைத் துல்லியமாகக் கூட்டுவதற்கு ஜிம்மை மிஞ்சிய இடம் இல்லை. சாய்ந்து உட்கார்ந்து காலால் தள்ளும் மெஷினில் விழும் பயம் கிடையாது, இடுப்புக்கும் முதுகுக்கும் பிடிமானம் உண்டு, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். படி ஏற முடிகிற, தனியாக வெளியே போய்வர முடிகிற பெரியவருக்கு இது நல்ல அடுத்த கட்டம். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கும் இடங்களும் இருக்கின்றன. காலியாக இருக்கும் பகல் நேரத்தில் போய், பயிற்சியாளரிடம் மருந்துகளையும் ஆபரேஷனையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதல் நாளே வியர்க்க விறுவிறுக்க வேலை வாங்குகிறவர் என்றால் வேறு இடம் பாருங்கள்.

எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது வலியைக் குறைக்கும், தூக்கம் வரும், தொட்டுப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்ற ஆறுதல் தரும். செய்யுங்கள். அதைச் சதை வளர்க்கும் வழி என்று மட்டும் கணக்கில் எழுதாதீர்கள்.

சூப், குளுக்கோஸ், பவுடர், தட்டு

இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. முதலில் குளுக்கோஸ் பாட்டில். சாதாரணமாக ஏற்றும் 500 மில்லி, 5 சதவீத பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, நூறு கலோரிக்கு மேல் தேறாது. புரதம் சுத்தமாக இல்லை. உடம்பில் நீர் வற்றியவருக்கு, வாய்வழி எதுவும் இறங்காதவருக்கு அது மருந்து. சாப்பிட முடிகிறவருக்கு அது ஊசிக்குத்தும் செலவும்தான். இருதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்குத் தேவையில்லாமல் நீர் ஏற்றுவது கெடுதலும் செய்யும்.

ஆட்டுக்கால் சூப் மேல் மதுரைக்காரர்களுக்கு உள்ள நம்பிக்கை பெரிது. ருசிக்கும், மிளகு சீரகம் போட்டுச் சூடாகக் குடித்தால் செத்த நாக்குக்கு உயிர் வரும், பசியைக் கிளப்பும். ஆனால் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் இறங்கும் ஜெலட்டின் முழுமையான புரதம் அல்ல. புரதத்தைக் கட்டும் துண்டுகளான அமினோ அமிலங்களில் அவசியமான ஒன்று டிரிப்டோபன், அது அதில் இல்லவே இல்லை. தசைக் கட்டுமானத்தைத் தூண்டும் லூசின் என்ற அமினோ அமிலமும் குறைவு. சூப்பைக் குடித்துவிட்டுக் கறியைப் பேரனுக்குத் தள்ளிவிடும் தாத்தாக்கள் நிறைய. கறியைத் தாத்தாவும் தின்ன வேண்டும், நன்றாக வேகவைத்துக் கொத்திக் கொடுத்தாவது.

தேவை எவ்வளவு? இந்தியாவில் பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். நோயிலிருந்து மீளும் முதியவர்களுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும் என்பது முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்களின் பரிந்துரை. 55 கிலோ இருப்பவருக்கு அது குறைந்தது 66 கிராம். காலையில் மூன்று இட்லி, மதியம் சோறும் ரசமும் ஒரு கூட்டும், ராத்திரி இரண்டு தோசை என்று சாப்பிடுகிறவருக்கு இதில் பாதி கிடைத்தாலே அதிகம். அதோடு, வயதான தசைக்குப் புரதம் ஒரே வேளையில் ஓரளவு சேர்ந்து வந்தால்தான் உறைக்கிறது, வேளைக்கு 25 கிராம் போல. நாள் முழுக்கத் துளித்துளியாகக் கொடுப்பது அவ்வளவு பயன்படாது.

வழி நம் சமையலறையிலேயே இருக்கிறது. ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு டம்ளர் பாலிலும் ஏறத்தாழ அவ்வளவு. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலிலோ, மொச்சைக் குழம்பில் அள்ளிப் போட்ட மொச்சையிலோ பத்துக்கு மேல் கிடைக்கும். நூறு கிராம் மீனில் இருபது அளவுக்கு. அயிரை மீன் குழம்பு என்றால் வேண்டாம் என்று சொல்லும் பெரியவர் நம் பக்கம் குறைவு. ஆக, காலை இட்லியோடு இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும், மதியம் மீனோ கறியோ கெட்டிப் பருப்போ, ராத்திரி தோசையோடு பாசிப்பயறோ இன்னொரு முட்டையோ சேர்ந்தால் கணக்கு நெருங்கிவிடும். சைவக்காரர்களுக்குப் பருப்பு, பால், தயிர், பன்னீர், நிலக்கடலை. சோயா உருண்டை நூறு கிராமில் ஐம்பது கிராம் புரதம், அதைவிட மலிவாக வேறெதுவும் கிடைப்பது அரிது. பல் இல்லாதவருக்கு எல்லாவற்றையும் மசித்தோ அரைத்தோ கொடுக்க வேண்டும். பல்செட் பொருந்தாமல் போனதால் மட்டுமே மெலிந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

புரோட்டீன் பவுடர் இந்தக் கணக்கில் குறைவதை நிரப்ப ஒரு வசதி, அவ்வளவுதான். பசியே இல்லாதவருக்கு, மெல்ல முடியாதவருக்கு அது உதவும். வாங்கினால் டப்பாவின் முன்பக்க விளம்பரத்தைப் பார்க்காமல், பின்னால் ஒரு வேளை அளவில் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று பாருங்கள். பெரியவர்களுக்கென்று விற்கும் சில பானங்களில் புரதத்தைவிடச் சர்க்கரை கூடுதலாக இருக்கும். சத்துமாவும் பெரும்பாலும் தானியம்தான். கஞ்சியாகக் குடிக்க நல்லது, அதையே புரதம் என்று நம்பக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் இந்த அளவு எதையும் நீங்களாகக் கூட்ட வேண்டாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவுதான்.

நாங்கள் எடுத்த முடிவு

அப்பத்தாவுக்குச் சிக்குன்குனியாவில் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. வீக்கம் வடியும்வரை படுக்கையிலேயே தொடையை இறுக்கி விடுவது, பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, வலி குறைந்த நேரத்தில் இடுப்பைத் தூக்கி இறக்குவது என்று மட்டும் வைத்தோம். பிறகு நாற்காலி. ஜிம்முக்கும் தனியார் பிசியோவுக்கும் அங்கே வழியில்லை. சுகாதார நிலையத்தின் வழியாக வந்தவர் காட்டிக்கொடுத்ததை என் சித்தி விடாமல் செய்ய வைத்தார். அப்பத்தாவின் இலக்கு தரையில் உட்கார்ந்து எழுவது, ஏனென்றால் அவரது வாழ்க்கை முழுக்கத் தரையில்தான். நாற்காலி, முக்காலி, மணை என்று உயரம் குறைந்துகொண்டே போனது. நடை கடைசியில் தானாக வந்தது.

மாமாவுக்கு நேர்மாறு. ஆபரேஷனில் வெட்டிய நெஞ்செலும்பு ஒட்டிச் சேரும்வரை கையை ஊன்றி எழக் கூடாது, எடை தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவருக்கு முதல் மாதங்களில் நடைதான் முதல் வழி, அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். கை ஊன்றாமல் எழுவதற்காக உயரமான நாற்காலி. வலுப்பயிற்சியை இருதய மருத்துவர் அனுமதி கொடுத்த பிறகுதான் தொடங்கினோம். இப்போது வாரம் இரண்டு நாள் ஜிம், மற்ற நாள் தெப்பக்குளம். "மாமா, இன்னிக்கு எடை கூட்டினீங்களா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே கணக்குச் சொல்கிறார்.

ஒரே ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க முடியாத வீடு என்றால் நாற்காலி, முட்டை, சுண்டல். கொஞ்சம் பணம் இருந்தால், பவுடருக்கும் டானிக்குக்கும் முன்னால், சுமையைச் சரிபார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டின் சில வருகைகள். தனியாக வெளியே போய்வரும் அளவுக்குத் தேறியவர் என்றால் ஜிம். நடை எல்லோருக்கும் உண்டு, இவற்றோடு சேர்த்து.

எந்த வழியை எடுத்தாலும் ஆறு வாரம் கழித்து அந்த ஐந்துமுறை எழும் நேரத்தை மறுபடி பாருங்கள். குறைந்திருந்தால் சரி, அதையே தொடருங்கள். குறையவில்லை என்றால் இந்த ஆறு வாரத்தில் சுமை உண்மையில் கூடியதா, தட்டில் முட்டையும் பருப்பும் உண்மையில் வந்ததா என்று முதலில் பாருங்கள். இரண்டும் நடந்தும் ஆள் மெலிந்துகொண்டே போனால், பயிற்சியைக் குறை சொல்லாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் டி குறைவு, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, காசநோய், புற்று, வெளியே சொல்லாத மனச்சோர்வு என்று பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. "வயசாச்சுல்ல" என்ற ஒற்றைப் பதிலோடு அனுப்பிவைத்தால், இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.